கண்ணாடிக் கொத்தனாரின் தரை

கூடத்தில் அப்பாவின் உடலைச் சுற்றி அழுகை ஓயவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டக் கொட்டகைக்கு வந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரப் பெஞ்சு தேடிப் பின்னாலேயே வந்த சித்தப்பா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவரும் அப்பாவோடு காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவர்.

"அடிப்பாவி! யாரு தரையை இப்படிக் கொத்தி வச்சது? உங்கப்பன் பார்த்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துருப்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரேதான் கொத்தினாரு, சித்தப்பா."

"போடி. கண்ணாடிக் கொத்தனாராவது, கொத்தறதாவது!"

அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவர் பூசிய தரையில் முகம் பார்க்கலாம். மகள் மாடு வளர்க்கப்போகிறாள் என்றதும் கொட்டகைக்கும் அதே பளபளப்பில் போட்டுக் கொடுத்துவிட்டார். கன்றுகள் கால் பரப்பி விழுந்தன. பிறகு பயந்து, நின்ற இடத்திலேயே நின்றன. நடக்காததால் குளம்பு தேயாமல் நீண்டு வளைந்தது; மூட்டு வீங்கியது. "தரைதான்பா காரணம்" என்று அவள் சொன்ன அன்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் உளிச் சத்தம் கேட்டுத்தான் அவள் விழித்தாள். கால் வழுக்காமலிருக்க அவர் தரையில் கோடு கோடாகக் கொத்திக்கொண்டிருந்தார்.

சித்தப்பா குனிந்து, கொத்திய கோடு ஒன்றை விரலால் தடவினார். "விளிம்பெல்லாம் வழவழன்னு இருக்கே."

"கூரா இருந்தா குளம்பை அறுக்கும்னு கல்லால தேய்ச்சாரு. 'உங்க சித்தப்பன்கிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னாரு."

வாசலை ஒட்டி ஒரு பட்டை மட்டும் இன்னும் பளபளத்தது. நேற்று அங்கே உளியோடு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. வெளியே போய் நடந்தால்தான் கன்றுகளில் பெரியதான செவலைக் கிடாரிக்குக் கால் தேறும். அதுவோ அந்தப் பட்டை வரை வந்து, முன்னங்காலைத் தூக்கி, பின்வாங்கியது.

மகள் அதே இடத்தில் உட்கார்ந்து உளியை வைத்து அடித்தாள்.

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. "யாரு அது, இந்த நேரத்துல?" அத்தையின் குரல்.

"அப்பா வேலைதான் அத்தை!" அவள் தலை நிமிர்ந்து உரக்கச் சொன்னாள்.

"கோணலா போகுது. குடு இப்படி." சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். கடைசிக் கோடும் முடிந்ததும் அவர் கல்லைத் தேடி எடுத்து விளிம்புகளைத் தேய்த்தார்.

கிடாரி தரையை மோந்து பார்த்தது. ஒரு குளம்பை வைத்தது. பின்னுக்கு இழுக்கவில்லை.