பல்லால் கேட்கிற பிள்ளை

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காட்டூரில் பொன்னாயிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவள் பயந்தது ஐந்து வயது மகன் அம்மாசியின் பல்லுக்கு. பம்பரம் தரவில்லை என்று பக்கத்து வீட்டுக் கந்தவேலின் தோளை ரத்தம் வரக் கடித்துவிட்டான். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் அவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"அது கோவமில்லீங்க. போன கோடையில பேதியில போனாளே உங்க சாலம்மா, அவதான் தம்பி மேல வந்து உக்காந்துட்டா," என்றாள் கந்தவேலின் தாய் பெரியநாயகி.

பூசாரி சடையனும் அதையே சொன்னான். அவனுக்கென்ன, சாட்டை அவன் கையில், முதுகு பிள்ளையுடையது. அமாவாசைக்குள் பையன் அடங்காவிட்டால் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

சடையன் பேயோட்டுவதைப் பொன்னாயி பார்த்திருக்கிறாள். யார் வந்திருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்பான். கேட்கக் கேட்க ஆட்டம் தணியும். கேட்பதற்கு எதற்குச் சாட்டை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த முறை அம்மாசி பல்லைக் கடித்தபோது அவனை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"யாரு கண்ணு வந்துருக்கறது?"

முதலில் உதைதான் கிடைத்தது. அப்புறம், "கோவம்," என்றான்.

"எங்க இருக்குது?"

"கையில. இப்ப வாயில."

"அதுக்கு என்ன வேணுமாம்?"

"பம்பரம்."

"அப்ப வாயில கேளு. பல்லுல கேக்காத."

போகப்போக அவனே தனக்குள் முணுமுணுத்துக் கேட்டுக்கொண்டான். முறுக்கிய கை தளரும், போய் வாயால் கேட்பான். கந்தவேலே ஒருநாள் பம்பரத்தை நீட்டினான். பொன்னாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் பொழுது சாயும்போதெல்லாம், அக்கா படுத்திருந்த மூலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்போது மட்டும் யாரென்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள், உச்சிப்பொழுது. கிணற்றடியில் பெரியநாயகி மகனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கந்தவேல் மடமடவென்று குடித்தான். அதைப் பார்த்த அம்மாசி உடம்பெல்லாம் வெடவெடக்க அவன்மேல் பாய்ந்தான். பொன்னாயி ஓடிவந்து பிடித்தாள்.

"யாரு வந்துருக்கறது?"

"அக்கா."

பெரியநாயகி மகனை இழுத்துக்கொண்டு விலகினாள். சாலம்மாள் வந்திருந்தால் என்ன கேட்பாள் என்று பொன்னாயிக்குத் தெரியும். இவள் கேட்காமல் விட்டால் நாளைக்குச் சாட்டை கேட்கும்.

"என்ன வேணுமாம்?"

"தண்ணி. அன்னிக்கு அக்கா கேட்டுட்டே இருந்துது. நீ எனக்குத்தான் குடுத்தே. நான் குடிச்சேன். அக்கா பாத்துட்டே இருந்துது."

சின்னப் பிள்ளை, மறந்திருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"பேதிக்குத் தண்ணி குடுத்தா அக்கா செத்துருவாள்னு சொன்னாங்க கண்ணு," என்றாள். "குடுக்காமயே செத்துட்டா."

பிறகு தலை நிமிர்ந்து பெரியநாயகியைப் பார்த்தாள்.

"பூசாரி வேண்டாமுங்க. பேயில்ல. எம்பட புள்ளைக்குத் துக்கம்."

அம்மாசி தாயின் தோளில் முகத்தைப் புதைத்து, அக்கா செத்த பிறகு முதன்முதலாக அழுதான்.