மாரிச்செல்வி எழுதிய பக்கம்

வெள்ளிக்கிழமைக்குள் பதினான்கு பேருக்கான பயிற்சிப் புத்தகம் தயாராக வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை என்று லாட்ஜ் மேனேஜர் பேச்சிராஜ் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அது விளையாட்டில்லை என்று முஹ்ஸினாவுக்குத் தெரியும். குற்றாலத்தில் சாரல் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது. சீசனுக்கு எடுத்த ஆட்களை நன்றாகப் பழக்கிவிட்டால், லாட்ஜில் அவளுக்கு நிரந்தர வேலை.

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதில்லை என்று முதல் நாளே முடிவுசெய்துவிட்டாள். வெந்நீர் ஹீட்டரைக் கையாளும் முறை லாட்ஜின் பழைய பீரோவிலேயே கிடந்தது. மலையாளிகளிடம் பேசும் பாடம், முன்பு வேலை பார்த்த செங்கோட்டை ஜவுளிக்கடையில் அவளே எழுதியது; முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். புடவை என்று வந்த இடங்களில் அறை என்று போட்டுப் பார்த்தாள். பாதி பொருந்தியது. மீதியை மாற்றினாள்.

எண்ணெய்தான் எதிலும் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் அறைத் தரையெல்லாம் சொட்டவிட்டுப் போவார்கள். புது ஆட்கள் அதன்மேல் நேராகத் தண்ணீரை ஊற்றித் துடைப்பார்கள். எண்ணெய் அறை முழுக்கப் பரவும். போன வருஷம் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சென்னையிலிருந்து வாங்கிய பயிற்சி வீடியோ நாற்பது நிமிஷம் ஓடியது. எண்ணெய் என்ற சொல்லே அதில் வரவில்லை.

எதிர் லாட்ஜில் அதற்கென்று ஒரு தாள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரோட்டைக் கடந்தாள். அங்கே சூப்பர்வைசர் ஜஸ்டின் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"போன சீசன்ல எங்க சமையக்காரர இழுத்துட்டுப் போனிய. இப்ப பாடத்தையும் கேக்கியளா?"

"ஒரு தாளுதாண்ணே. பதிலுக்கு மலையாளத்துல பேசப் பழக்குத பாடத்தைத் தாரேன்."

"உங்க மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது; அதற்குமேல் ஒரு சொல் சொன்னால் அது கெஞ்சலாகிவிடும். கடைசியில் அவள் துணிச்சலைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

"மாரிச்செல்விட்ட கேளுங்க. அவ எழுதுன தாளுதான்."

மாரிச்செல்வி உள்ளே போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்துக் கொடுத்த தாளில் இருந்தது இதுதான்: எண்ணெய்மேல் மரத்தூளைத் தூவி, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கூட்டி அள்ளிய பிறகுதான் சோப்புத் தண்ணீர். நான்கே வரி.

"கொண்டு போ ஏட்டி. ஆனா அடியில எம்பேரு கெடக்கணும். முன்ன ஒருத்தன் வாங்கிட்டுப் போயி அவன் பேரப் போட்டுக்கிட்டான்."

வெள்ளிக்கிழமை பேச்சிராஜ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் எண்ணெய் பற்றிய பக்கத்தில் நிறுத்தினார்.

"எதிர் லாட்ஜ் ஆளு பேரு நம்ம புக்குல எதுக்கு? சம்பளம் ஒனக்கு, எழுதுதது அவளா? வெட்டிரு."

"பேரை வெட்டுனா பக்கத்தையும் எடுத்துருதேன், அண்ணாச்சி."

புத்தகமாகக் கோத்திருந்த ஃபைலிலிருந்து அந்தத் தாளை உருவி மேசைமேல் வைத்தாள்.

"அப்ப எண்ணெய்க்கு?"

"நீங்கதான் சொல்லணும்."

போன வருஷம் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் பேச்சிராஜ்தான். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் நின்றாள். பிறகு அவரே தாளை எடுத்து ஃபைலில் செருகினார்.

"பேரையாவது சின்ன எழுத்துல போடலாம்லா?"

"ஹீட்டர் பாடத்துல பழைய மேனேஜர் பேரு இருக்கு. அதே சைஸ்தான்."

"எம்பேரு எங்க?"

"நீங்க ஒண்ணும் எழுதலியே."

"வாயப் பாரு!" என்று சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை ஆளுக வருதாவ. நீயே நடத்து. ஆபீஸ்ல ஒனக்கு ஒரு மேசை போடச் சொல்லுதேன், சீசன் முடிஞ்சாலும் அங்கனயே இரு." பிறகு போனை எடுத்தார். "மரத்தூளுக்கு மில்லுல சொல்லணும். எத்தனை மூட்டை ஆகும்?"

முஹ்ஸினாவுக்குத் தெரியவில்லை. மாரிச்செல்வியிடம் கேட்டு வர ரோட்டைக் கடந்தாள்.