உள் அலமாரிச் சரக்கு

எங்கள் அப்பா காசிராஜனிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் அருப்புக்கோட்டை வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். எங்களுடையது பம்ப்செட் சாமான் கடை. பரளச்சியிலிருந்து பால்ச்சாமி வந்து, கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குறைங்க குறைங்க என்று நிற்பார். கடைசியில் அப்பா பெருமூச்சு விட்டு, "இருங்க, உள்ள பாக்குறேன்" என்று எழுந்து போவார். உள் அலமாரியிலிருந்து, பார்வைக்கு அதே மாதிரி வேறொன்று வரும். எடை கொஞ்சம் குறையும். பால்ச்சாமி வாயெல்லாம் பல்லாக வாங்கிப் போவார்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. அவரு கேட்ட விலைக்கு உள்ள சரக்கக் குடுத்தேன்" என்பார் அப்பா.

அந்தக் கடையின் மாடியில்தான் என் கம்ப்யூட்டர் இருந்தது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு அதில் கட்டட பிளான் வரைந்துகொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம், பந்தல்குடி ரோட்டில் வரவிருந்த ஒரு நூல் மில்லுக்குப் படம் போடும் வேலையை இன்ஜினியர் ராஜகுரு என்னிடம் கொடுத்தார். ஆவணியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்குள் முடிக்க வேண்டும். அப்பாவிடம் அழுது ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். இந்த வேலையை முடித்துவிட்டால் காரியாபட்டி வரனை விட்டுவிட்டு, ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்கு மூத்த பையன், மதுரையில் பேங்க் உத்தியோகம். அப்பாவுக்கு விட மனசே இல்லை. இருந்தாலும் சரி என்றார்.

சனியன் ஒரு கம்ப்யூட்டர் சில்லின் உருவத்தில் வந்தது. ராஜகுரு கொடுத்த ஃபிளாப்பியைத் திறக்கப் புது சாஃப்ட்வேர் வேண்டும். அந்தச் சாஃப்ட்வேரோ, கணக்குப் போடுவதற்கென்றே தனியாக ஒரு சில்லு இருந்தால்தான் வேலை செய்வேன் என்றது. தபால்தலை அகலத்தில் ஒரு கறுப்புச் சில்லு, இரண்டு பம்ப்செட் விலை! மதுரையில் கேட்டால், "அதெல்லாம் யாரும்மா வாங்குறா? நாங்க வச்சுக்கிறதில்ல" என்றார்கள். நாலு பேர் வாங்கினால்தானே விலை இறங்கும். யாருமே வாங்காத சாமானுக்கு, வைத்திருப்பவன் சொன்னதுதான் விலை.

நான் கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் புரட்டினேன். பெண்பிள்ளையைத் தனியாக மெட்ராஸுக்கு அனுப்ப முடியாது என்று அப்பாவே கிளம்பினார். சில்லின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, "அவுக விலையக் குறைக்க மாட்டாகப்பா. கேக்குறதக் குடுத்து வாங்கிட்டு வாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அப்பா திரும்பி வந்தபோது கையில் சில்லும் இருந்தது, மீதிப் பணமும் இருந்தது.

"காசிராஜன்கிட்டயா விலை சொல்றான்! நீ எழுதுனதத்தான் மொத எடுத்து வச்சான். நான் அசையலியே. கடைசியில, 'இருங்க சார், உள்ள பாக்குறேன்'னு எந்திரிச்சுப் போயி…"

எங்கள் கடையிலேயே வளர்ந்தவள் நான். பெட்டியைப் பிரித்தேன். என் போர்டில் இருந்த குழிக்கு, அடியில் ஊசி ஊசியாகக் கால் உள்ள சில்லு வேண்டும். இதற்குக் கால்கள் நாலு ஓரத்திலும் உள்ளே மடிந்திருந்தன. வேறொரு சின்ன மாடல் மிஷினுக்கு உள்ளது. தலைகீழாக நின்றாலும் பொருந்தாது.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மெட்ராஸ் கடைக்குப் போன் போட்டேன். அப்பா கூடவே வந்து ரிசீவரோடு காதை ஒட்டிக் கேட்டார்.

"வித்த சரக்கு திரும்ப எடுக்கறதில்லம்மா. அவரு கேட்ட வெலைக்கு இருந்ததத்தான் குடுத்தேன். பொய் சொல்லி விக்கலயே!"

அப்பாவின் முகம் செத்துப்போனது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ரிசீவரை வைத்த வேகத்தில் பூத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுபடி வாங்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. ராஜகுரு வந்து, கோபப்படாமலே ஃபிளாப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மதுரையில போட்டுக்கிறேம்மா. நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றார். அந்தப் 'பாவம்'தான் ரொம்பச் சுட்டது.

அவர் போனதும் அப்பா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"விடு தாயி. காரியாபட்டிக்காரவுகள வெள்ளிக்கிழம வரச் சொல்லிருவோம். நகையில எம்புட்டுக் குறைச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா? கேட்டதுல பாதி!"

"பாதியா? மூத்தவருக்குத்தானப்பா பேசுனீக?"

"மொத மூத்தவனுக்குத்தான் பேசுனேன். அவுக நகையில இறங்கவே இல்ல. நானும் விடல. அப்பறம் அந்தப் பையனோட அப்பா, 'இருங்க, உள்ள கேட்டுட்டு வாரேன்'னு எந்திரிச்சுப் போயி, எளையவனுக்குன்னா பாதி போதும்னு…"

அப்பா பாதியில் நிறுத்தி, மேஜையில் கால் மடிந்து கிடந்த சில்லைப் பார்த்தார்.