தலைக்குப் போட்ட கஞ்சி

"தலையை மேசை மேல வை ஜசி, கரி அணையப் போகுது..."

"வைக்கமாட்டேன் அண்ணி, நான் சொல்றதை..."

"அதை அப்புறம் சொல்லு. காலைல பூசைக்குப் போகணும், இன்னும் நாலு சட்டை..."

"காதுகிட்ட பாருங்க, எப்படிக் கருகி..."

"நீ ஆடினே, கருகுச்சு. அசையாம இருந்தா எவளுக்காவது கருகியிருக்கா?"

"எவளும் இஸ்திரி மேசைல தலையை வைக்கிறதில்லையே அண்ணி."

ஆஸ்டின் டவுனில் வீட்டு முன்னறையில் இருந்த இஸ்திரிக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் நடந்த சண்டை இது. அண்ணி பிரிஜெட் கையில் கரி கனன்ற பெட்டி. தலைமுடிக்கும் பெட்டிக்கும் நடுவே விரிக்க வேண்டிய ஈரக் கைக்குட்டையை ஜசிந்தா இடுப்பில் செருகிக்கொண்டு, தரமாட்டேன் என்று நின்றாள்.

கோலார் தங்கவயலில் பள்ளிக்கூடம் முடித்து, அண்ணன் ஆம்ப்ரோஸ் வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த வழக்கம். ஜசிந்தாவுக்குச் சுருட்டை முடி. சும்மா அலை அலையான சுருட்டை இல்லை. இழுத்தால் தோளைத் தொடும், விட்டால் காது மடலுக்கு ஓடிவிடும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பிரிஜெட் அதைப் பார்த்துவிட்டு, இந்தக் காட்டோடு கோயிலுக்கு வந்தால் பின் பெஞ்சுக்காரர்கள் பீடத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், போலீஸ் உடுப்புக்கு ஓட்டிய பெட்டியை நாத்தனார் தலைக்கும் ஓட்டினாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சுருக்கம் என்று எதைக் கண்டாலும் அவள் கை பரபரக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஜசிந்தாவுக்கு இருபத்தெட்டு வயது. ரெசிடென்சி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்போன், நாள் பூராவும் குட் மார்னிங், குட் ஈவினிங். ஓட்டலுக்கு வந்து போகிறவர்கள் எல்லாருக்கும் அவள் குரல் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு ஆசை முன்கூடத்தில், ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று. அங்கே இருந்த ராதாவுக்கு டிசம்பரில் கல்யாணம், அதோடு வேலையை விடுகிறாள். மேனேஜர் சாமுவேல் ஜசிந்தாவைக் கூப்பிட்டு, இங்கிலீஷ் இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, முடியை மட்டும் மற்றப் பெண்களைப் போலப் படிய வைத்துக்கொண்டால் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். இது தொண்ணூற்றாறாம் வருஷம் தவக்காலத்துக்கு முன்னால் நடந்தது.

அண்ணிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இனி வாரம் இரண்டு தரம் தேய்க்கலாம் என்றாள். ஜசிந்தா தலையைத் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் முடி துடைப்பக்குச்சி போல முறிந்து கையோடு வந்தது.

"டிசம்பர் வர்றதுக்குள்ள தேய்க்கறதுக்கு முடியே இருக்காது அண்ணி. அப்ப பெட்டியை எங்க வைப்பீங்க, மண்டையிலயா?"

பிரிஜெட் பெட்டியை ஸ்டாண்டில் வைத்தாள். அப்படியானால் அந்த வேலையை மறந்துவிடு, சாகிற மட்டும் அந்தப் பொந்திலேயே உட்கார்ந்து ஹலோ சொல்லு என்றாள். ஜசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டு போய், கருகினது, முறிந்தது, நாராகிப்போனது எல்லாவற்றையும் கழுத்தோடு வெட்டிவிட்டு வந்தாள். அந்த வேலையும் வேண்டும், என் முடியோடுதான் வேண்டும் என்று வரும் வழியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெட்டின தலையோடு ஞாயிறு பூசைக்குப் போனபோது, டைபாய்டா என்று மூன்று பேர் விசாரித்தார்கள். பிரிஜெட் ஒருவரிடமும் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எல்லாம் பரிசோதனைதான். முதலில் முட்டை. வெந்நீரில் அலசியதால் பாதி தலையிலேயே வெந்துபோய், பக்கத்து வீட்டுப் பூனை அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்தது. அப்புறம் வெந்தயம். முடி மெத்தென்றுதான் ஆனது. ஆனால் ஹெட்போனைப் போட்டதும் டெலிபோன் அறை முழுக்க வத்தக்குழம்பு வாசனை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய பச்சை ஜெல், தலையை ஹெல்மெட் ஆக்கியது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது. இனி ஓட்ட ஒரு ஸ்கூட்டர்தான் பாக்கி என்றான் ஆம்ப்ரோஸ்.

அவன் சிரிப்பும் பீரோடு நின்றுபோனது. பீரில் அலசினால் முடி பளபளக்கும் என்று ஓட்டல் பார்மேன் சொன்னதைக் கேட்டு, ஆம்ப்ரோஸ் ஈஸ்டருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பாட்டிலை ஜசிந்தா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நுரை வழிய அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஆம்ப்ரோஸ் முதலில் பாட்டிலைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான்.

"நாப்பது நாள் விரதம் இருந்தது நானு. குடிச்சது உன் தலையா?"

முடியைக் கட்டிப் பார்த்ததும் அப்படித்தான். குதிரைவால் போட்டால் சாமரம் மாதிரி விரிந்தது. இரண்டு பக்கமும் கிளிப் குத்தினால் மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகத் தெறித்தது. ஒன்று சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்ததை சௌம்யா கண்டெடுத்தாள். சௌம்யா பக்கத்து நாற்காலி ஆபரேட்டர். ஜோகுபாளையத்துப் பெண், எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள். சாமுவேல் சார் கதவைத் திறந்து உன் தலையைப் பார்க்கிறார், மூடிவிட்டுப் போகிறார், டிசம்பருக்கு வேறு யாரையாவது தேடிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

கடையில் மூலையில் எப்போதும் ஒரு பானை ஜவ்வரிசிக் கஞ்சி இருக்கும், பருத்திப் புடவைகளுக்குப் போட. விறைப்பாக நிற்கும் ஒரு புடவை மடிப்பைப் பார்த்தபோதுதான் ஜசிந்தாவுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு கரண்டி எடுத்து முடியில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். சுருள் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் நின்றது. பதினோரு மணிக்குக் காய்ந்தது. காய்ந்த சுருளைச் சீப்பால் ஒழுங்கு செய்ததும் வெள்ளை வெள்ளையாக உதிர ஆரம்பித்தது. கரும்பச்சை யூனிஃபார்ம் புடவையின் தோள் எல்லாம் மாவு. சாமுவேல் கதவைத் திறந்து பார்த்து, ஏதாவது டாக்டரிடம் காட்டக்கூடாதா என்று கேட்டார்.

கெட்டியாக இருந்ததுதான் தப்பு என்று அவள் பானையிலேயே தண்ணீர் விட்டுக் கலக்கினாள். அன்றைக்குப் போன ஒரு டீச்சரம்மா புடவை, கஞ்சியே காணாத மாதிரி துவண்டுபோய்த் திரும்பி வந்தது. பிரிஜெட் அன்று கத்தவில்லை. கத்தாததுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் மூடி வைத்திருந்தது.

"இது உன் தலைக்கு. அது என் தொழிலுக்கு. மாத்திக் கை வெச்சே, பெட்டியை எடுத்துருவேன்."

டம்ளரில் இருப்பதில் எவ்வளவு தண்ணீர் விடலாம், எத்தனை சொட்டு விளக்கெண்ணெய் விடலாம் என்பது ஜசிந்தாவின் பாடு. மழைக்காலம் பாதி போனது. ஒரு நாள் காலை, தண்ணீர் போல நீர்த்த கஞ்சியைத் தடவிக்கொண்டு போய்ப் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரே கொட்டு மழை. சொட்டச் சொட்ட டெலிபோன் அறைக்குள் ஓடி, பையைத் திறந்தால் சீப்பு இரண்டாக உடைந்து கிடந்தது. போர்டில் விளக்குகள் மின்னின. வேறு வழியில்லாமல் ஹெட்போனைக் கழுத்துப் பக்கமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வரை தலையில் கை வைக்க நேரமில்லை.

"ஏ, ஜசிந்தா," என்றாள் சௌம்யா. "எழுந்து போய்க் கண்ணாடியைப் பாரு. போ, நான் போர்டைப் பாத்துக்கறேன்."

கண்ணாடியில் நின்றவளை ஜசிந்தாவுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. சுருள் சுருளாக, ஒன்றோடொன்று சண்டை போடாமல், பளபளவென்று கழுத்து வரை இறங்கியிருந்தது. ஒரு இழை முகத்தில் இல்லை. கையால் லேசாகக் கசக்கிப் பார்த்தாள். விறைப்பு போய் மெத்தென்று ஆனது, மாவு உதிரவில்லை. முட்டையும் பீரும் செய்யாததை உடைந்த சீப்பு செய்திருந்தது. காய்ந்த முடியில் சீப்பை விடாமல் இருந்தால் போதும். ஈரத்தோடு விரலால் கோதிவிட்டு, காயும்வரை அது தன் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று விட்டால் போதும். இத்தனை வருஷமாக அதை ஒருவரும் சும்மா விட்டதே இல்லை.

ஆனால் வீட்டில் சீப்பு இல்லாமல் முடியுமா? காலையில் சீவாமல் வாசலைத் தாண்டியவளைப் பிரிஜெட் மறித்தாள்.

"தலைவிரி கோலமாப் போறியே, யாரு செத்தது நம்ம வீட்டுல? ஸ்வல்ப, கொஞ்சமாவது சீவிட்டுப் போ."

"சீவினாதான் அண்ணி செத்துடுது."

பிரிஜெட் அன்று தெருமுனை வரைக்கும் கையில் சீப்போடு வந்தாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள்.

டிசம்பர் வந்தது. ராதா கடைசி நாள் கேக் வெட்டிவிட்டுப் போனாள். சாமுவேல் வேறு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தது உண்மைதான்; அவள் மைசூரிலிருந்து வர இரண்டு நாள் தாமதம். ஓட்டலில் ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வந்து இறங்கும் நாள். வேறு வழியில்லாமல் ஜசிந்தாவை அனுப்பச் சொன்னார். முன்கூடத்துக்கு அவள் நடந்து வந்ததைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"நீட்டா இருக்கணும்னு சொன்னீங்க சார். ஒரு முடி கலைஞ்சிருந்தா சொல்லுங்க."

அவர் சுற்றி வந்து பார்த்தார். சொல்லுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் அவருக்குக் கோபம். ஒரே ஒரு கெஸ்ட் முகம் சுளித்தாலும் மறு நிமிஷம் டெலிபோன் அறைக்குப் போய்விட வேண்டும், அப்புறம் இந்தப் பேச்சே கூடாது என்றார்.

கல்யாணக் கூட்டம் மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. தூறல் விடாமல் பிடித்திருந்தது. போர்ட்டிகோவில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எல்லாருடைய படிய வாரிய தலையும் அரை மணியில் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ஜசிந்தா சாவிகளைக் கொடுத்தாள், பெட்டிகளை அனுப்பினாள், பாட்டிமார்களுக்கு நாற்காலி போட்டாள், கன்னடத்தில் டிரைவர்களை ஒழுங்கு செய்தாள். அவள் குரலைக் கேட்டு இரண்டு பழைய கெஸ்ட்கள் திரும்பிப் பார்த்து, நீங்கள்தானா அது என்றார்கள். சாயங்காலம், கல்யாணப் பெண்ணின் அம்மா நேராக மேசைக்கு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மேனேஜரைக் கூப்பிடுங்க."

ஜசிந்தா உள்ளே ஆளை அனுப்பினாள். சாமுவேல் வந்தார். வரும்போதே டெலிபோன் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"உங்க கீழ்மாடிப் பார்லர்ல எம் பொண்ணு தாரணிக்கு மத்தியானம் பூராத் தலையைத் தேச்சாங்க. வாசலுக்கு வந்து ரெண்டு போட்டோ எடுக்கறதுக்குள்ள தேங்காநாரு மாதிரி ஆயிருச்சுங்க. இந்தப் பொண்ணு நாங்க வந்ததுலருந்து உள்ளயும் வெளியவும் ஓடிட்டிருக்கு, அப்படியே இருக்குது. எம் பொண்ணுக்கும் இதே முடிதானுங்க. இதுக்கு யாரு பண்ணாங்களோ அவங்களை வரச் சொல்லுங்க."

சாமுவேல் ஜசிந்தாவைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார்.

"நானேதான் சார். கஞ்சி எங்க அண்ணி காய்ச்சினது. ஆஸ்டின் டவுன்ல இஸ்திரிக் கடை."

"இஸ்திரிக் கடையா?"

"ஆமாங்க சார். துணிக்கும் போடறோம்."

பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டாள். சாமுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய், மைசூருக்கு ஒரு எஸ்.டி.டி. கால் போடச் சொன்னார். சௌம்யாதான் போட்டுக் கொடுத்தாள். ஒட்டுக்கேட்டதை மறைக்கத் தெரியாமல் ஓடி வந்து, அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார், நாளையிலிருந்து மேசை உனக்குத்தான் என்றாள். போகும்போது சாமுவேலும் சொன்னார், ஜசிந்தாவைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்து: "நாளைக்கும் இதே மாதிரி வாங்க."

அன்று ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது ஆம்ப்ரோஸ் எழுந்து நின்று கை தட்டினான். என் பீர் வீண் போகவில்லை என்றான். பிரிஜெட் யூனிஃபார்ம் புடவையை வாங்கிக்கொண்டு போய், கொசுவ மடிப்பு ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள். ஆனால் காலையில் வழக்கம் போலக் கையில் சீப்போடு வாசலில் நின்றாள்.

ஜசிந்தா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வெள்ளைக் கார் தெருவில் திரும்பியது. கடைக்கு முன்னால் நின்றது. நேற்றைய அம்மா இறங்கினாள். பின்னாலேயே கல்யாணப் பெண் தாரணி. பார்லர் பட்ட பாட்டில் தலை இரண்டு மடங்காகப் பொங்கியிருந்தது. காரில் வரும் வழியெல்லாம் அதை அடக்கப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. கண்ணில் தண்ணீரோடு, இறங்கி நின்றும் சீவிக்கொண்டே இருந்தாள். சர் சர்ரென்று முடி முறிகிற சத்தம் கடைக்குள் கேட்டது.

"இங்கதானுங்களா தலைக்குக் கஞ்சி போடறது?" என்றாள் அம்மா.

பிரிஜெட் தன் கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். அதை இஸ்திரி மேசைக்கு அடியில், கரி மூட்டைக்குப் பின்னால் போட்டாள். நாத்தனார் பக்கம் திரும்பவே இல்லை. மூலையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து மூடியைத் திறந்துகொண்டே, தெருவுக்கு இறங்கி வந்து அந்தப் பெண்ணின் முன்னால் கையை நீட்டினாள்.

"உள்ள வாம்மா. முதல்ல அந்தச் சீப்பை இப்படிக் குடு."