மெர்சியின் ஆட்சேபணை

கொண்டாப்பூரில் மெர்சி குடியிருக்கும் ஃபிளாட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரியைத் தூர்த்து ரோடு போடப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் அரசாங்க வெப்சைட்டில் எழுதலாமாம். மெர்சி லீவு போட்டு உட்கார்ந்தாள். நாலு முறை சைட் தொங்கியது. நாலு முறையும் முதலிலிருந்து அடித்தாள்.

"இதைப் படிச்சா அந்த ஆபீசர் மனசு மாறாதாங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

அந்த சைட்டைச் செய்து கொடுத்ததே கணவன் சகாயராஜ்தான். வரும் கருத்துகளை நீங்கள் படிக்க எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று சைட் செய்யும்போது அவன் கேட்டதற்கு, "எழுத இடம் இருந்தா போதும், படிக்க யாரு உட்காரப் போறாங்க?" என்று சிரித்தார் அந்த ஆபீசர். இவனும் வெட்கமில்லாமல் கூடச் சிரித்தான்.

மெர்சி பட்டனை அழுத்தினாள். 'உங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்று இங்கிலீஷில் வந்தது.

"பாருங்க, எவ்வளவு மரியாதையா பதில் போட்டிருக்காங்க!" என்றாள்.

அந்த வரியையும் அவன்தான் எழுதியிருந்தான்.