தண்ணீர்த் தொட்டியை அளந்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். ஒரு மண்ணும் குறையவில்லை.

முதல் தொடக்கம்: ‘வயோமிங் மலைச்சரிவில் அக்டோபர் பனி மெல்ல...’ சே, அடித்துவிட்டேன். பனியை வர்ணித்துக்கொண்டு விஷயத்தைத் தள்ளிப்போடப் பார்க்கிறேன்.

2

சரி, இப்படி. நான் அமெரிக்காவில், வயோமிங்கில், ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஆறு வருஷம் முன்னால் தங்கை கணவன் ஆரின் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்க வந்தான். கண்ணில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் எதிரில் இருப்பது எத்தனை கெஜம் என்று சொல்லும் கருவி. தூரத்திலிருந்து சுடுகிறவனுக்கு அது பிசகினால் எல்லாம் பிசகும். பதினாலு வருஷம் குலுக்கலில் பேர் கொடுத்து, அந்த வருஷம்தான் அவனுக்கு எல்க் மான் சுடும் அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. ஒரு சீட்டு, ஒரு எல்க்.

“மச்சான், கதையளக்காம எதுன்னு சொல்லு.”

“இதுல ரெண்டாயிரம் கெஜம்னு போட்டிருக்கான் பாரு. வாசல்ல நின்னு ஊர்க்கோடில இருக்கற தண்ணித் தொட்டியப் பாரேன்.”

பார்த்தான். “ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. அடேயப்பா, பட்டுனு சொல்லுதே!”

(இங்கே ஒரு அடிக்குறிப்பு. எங்கள் ஊரில் எல்லோரும் அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் கருவியைச் சோதிப்பார்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்பு, கருவி அனுப்பும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும். எந்தக் குப்பைக் கருவியும் அதை அளந்துவிடும். எல்க்கின் மேல் இருப்பது மங்கலான மயிர். பெட்டியில் போட்ட தூரத்தில் பாதிகூடத் தேறாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த மச்சானாக நிற்பது சுகமாக இருந்தது.)

3

அக்டோபரில் இருவரும் மலைக்கு வேட்டைக்குப் போனோம். எதிர்ச்சரிவில் பெரிய ஆண் எல்க் நின்றது. கருவி 652 என்றது. அது அளந்தது எல்க்கை அல்ல, அதற்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்த பாறையை. எல்க் அதற்கும் ஐம்பது கெஜம் தள்ளி; குண்டு தாழத்தான் போகும். ஆரின் சுட்டான். எல்க் மரங்களுக்குள் போய்விட்டது.

அவன் துப்பாக்கியோடு அங்கேயே இருந்துகொண்டு, பட்டதா என்று பார்க்க என்னை அனுப்பினான். பாறைக்குப் பின்னால் பனியில் ரத்தம். எலும்புச் சில்லு. கால்தான்.

எங்கள் வழக்கம் இது: ரத்தம் வந்தால் அது உன் எல்க். தேடு. கிடைக்காவிட்டால் சீட்டைக் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போ. பட்டது என்று சொன்னால் அவனுடைய பதினாலு வருஷம் போச்சு. ‘எவன்டா இந்தக் கருவியக் குடுத்தது’ என்ற கேள்வியும் வரும். பூட்ஸால் பனியைத் தள்ளி ரத்தத்தை மூடினேன். திரும்பிப் போய்ச் சொன்னேன்.

“படல மாப்ள. பாறைல அடிச்சிருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்யா.”

மூன்றாம் நாள் வேறொரு எல்க்கைச் சுட்டான். நூற்றியெண்பது கெஜம். அதற்குக் கருவியே தேவைப்படவில்லை.

4

முடிவுகள்.

அ) மச்சான் உண்மையைச் சொல்கிறான், ஆரின் சீட்டைக் கிழிக்கிறான். நம்பும்படி எழுத வரவில்லை.

ஆ) ஆரின் தானே போய் ரத்தத்தைப் பார்க்கிறான். மச்சானைப் பளாரென்று... இதை ஆசையோடு எழுதினேன். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது.

இ) ஆறு வருஷம் கழித்து, இதுவரை நீங்கள் படித்ததை மச்சான் ஆரினிடம் கொடுக்கிறான். போன ஞாயிறு கொடுத்தேன்.

5

நின்றபடியே படித்தான்.

“துப்பாக்கி ஸ்கோப்ல அன்னிக்கே பாத்துட்டேன் மச்சான். சுட்ட உடனே முன்னங்கால் மடங்குச்சு.”

“தெரிஞ்சுமா என்னைய அனுப்பின?”

“நான் போயிருந்தா சீட்டக் கிழிச்சிருக்கணும்ல. நீ படலன்னுதான் சொல்லுவ, தெரியும். நீ வித்த கருவியாச்சே.” தாள்களை மடித்துக் கொடுத்தான். “நீ உண்மையச் சொன்ன மாதிரி மாத்திடு. ரெண்டு பேருக்கும் நல்லது.”

ஆறு வருஷம் இவனை ஏமாற்றிவிட்டோமே என்று நான் வெந்துகொண்டிருந்தேன். பாவி, நான் பொய் சொல்வேன் என்று நம்பித்தான் என்னை அனுப்பியிருக்கிறான்.

மாற்ற மாட்டேன். முடிக்கவும் மாட்டேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், எங்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அந்த எல்க் மூன்று காலில் மரங்களுக்குள் போனது. அதைத் தேடி யாராவது ஒருவர் போகிற மாதிரி எழுதினால் போதும். நாங்கள் போகவில்லை.