அலமாரிக்குள் அத்தை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். சுத்தப் பொய். அது நாக்கு நுனியில் இருக்கிறது. மூக்கோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லையே!

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய பள்ளிக்கூடப் பேருந்தை வாங்கி, வீடாக மாற்றிக்கொண்டிருந்தோம். நான் பல்செட் செய்பவள், அவர் தச்சர். ஊர் ஊராகப் போய் நிறுத்திய இடத்தில் தொழில் செய்து, அந்த வண்டியிலேயே குடியிருப்பது என்று திட்டம். திட்டத்தைக் கேட்ட அன்றைக்கே என் மாமியார், "ஓடற வண்டியில யாராவது குடித்தனம் பண்ணுவாங்களா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் போவேனா? "உங்களுக்கு ஏன் அத்தை அந்தக் கவலை? இது ரெண்டு பேருக்கான வண்டி" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு சரி. அதன்பிறகு எட்டு மாதம் அத்தை வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்யும் ஞாயிற்றுக்கிழமை, தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக அவராகவே முடிவு செய்துவிட்டார். என் நாத்தனார் வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை, அதில் மூன்று பிள்ளைகள். அந்தக் கும்பலுக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில்தான் அத்தைக்கு இடம்.

அவர் எங்களோடு வரவேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. பதினோரு வருஷமாக ஒரே அடுப்படியில் மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். அவர் இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? என் வீட்டுக்காரரோடு போட முடியாது, பாதியிலேயே தூங்கிவிடுவார். ஆனால் கூப்பிட வாய் வரவில்லை. "நீங்க கேளுங்களேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "சொன்னது நீ, கேக்கறது நானா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார்.

இதற்கிடையில் வண்டியில் ஒரு வில்லங்கம். போன வாரம் வந்த வாகனப் பரிசோதகர், இடது பக்கம் ஜன்னலுக்குக் கீழே துருப்பிடித்த தகட்டில் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. "உள்ளே வீடே கட்டிட்டீங்க, வெளியே சுவரைக் காணோமே" என்று சிரித்தார். அந்தத் தகட்டை மாற்ற வேண்டும், கெட்டி ரிவெட்தான் அடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தியுள்ளவர்கள் முதலில் வெளித்தகட்டைச் சரிசெய்துவிட்டு, பிறகு உள்ளே மரவேலை செய்வார்கள். நாங்கள் உல்டா. மரத்தைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. மூன்று மாதம் இழைத்து இழைத்து, தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் பதினாலு இழுப்பறைகளோடு ஒரு அலமாரி செய்து வைத்திருந்தார். அது நின்றது சரியாக அந்த ஓட்டைத் தகட்டுக்குப் பின்னால்.

கெட்டி ரிவெட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் ஓட்டையில் ரிவெட்டை வைத்துக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் அதன் வாலுக்கு நேராக இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வால் நசுங்கி, தகடு சட்டத்தோடு இறுகும். உள்ளே பிடிக்கப் போனால் அலமாரி! வெள்ளிக்கிழமை காலையில் இழுப்பறைகளை எல்லாம் உருவிவிட்டு, குறுக்குக் கட்டைகளைக் கழற்றி, முதுகுப் பலகையையும் என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். ஒரு ஆள் படுத்தபடி நுழையலாம், ஒல்லியான ஆள் என்றால்.

அவர் நுழைந்து பார்த்தார். தொப்பையோடு நின்றுவிட்டார். காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். பிறகு நான் நுழைந்தேன், அவர் வெளியே நின்று அடித்தார். மூன்றாவது ரிவெட்டிலேயே புதுத் தகட்டில் ஒரு பள்ளம்! "இது தகடுங்க, உங்க வேலமரம் இல்ல" என்று அலமாரிக்குள் இருந்தே கத்தினேன். மணி பன்னிரண்டரை. அலமாரியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அத்தை சாப்பாடு எடுத்துக்கொண்டு, வண்டி நின்றிருந்த பட்டறைக்கு வந்தார். மகன் முகத்தைப் பார்த்தார், அலமாரியைக் குனிந்து பார்த்தார், பையை என்னிடம் நீட்டினார்.

"நகருங்க. நான் நுழையறேன்."

"உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வேலை? அதிரும், கட்டையைக் கொஞ்சம்கூட ஆட்டக் கூடாது."

"முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவ நான். அசையாதீங்க, அசையாதீங்கன்னு ஊருக்கே சொன்னவ, நான் அசைவேனா?"

அசையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு பிடி! நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போனோம். ஓரத்தில் ஆரம்பித்தால் தகடும் என் வீட்டுக்காரரைப் போல நடுவில் தொப்பை போட்டுவிடும். நான் ரிவெட்டை வைப்பேன், உள்ளேயிருந்து "அடி" என்று குரல் வரும். அடிப்பேன். "வால் கோணிடுச்சு, எடுத்துட்டு வேற போடு" என்று அதட்டலும் வரும். எட்டு மாதத்தில் அத்தை என்னை இவ்வளவு அதட்டியதே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முப்பது ரிவெட்டுக்குப் பிறகு காற்று தீர்ந்து, கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்தது. அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அத்தைக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகடு. என் முகம் அவருக்குத் தெரியாது, குரலும் கேட்காது. இதைவிட்டால் எனக்கு வேறு சந்தர்ப்பம் ஏது? ஒத்திகை பார்ப்பது போல, தகட்டோடு வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அத்தை, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வாய்க்கொழுப்பு. ரெண்டு பேர் வண்டியாவது, மண்ணாங்கட்டியாவது. நீங்க அங்க போய் அந்தக் கம்பிக்குக் கீழ படுத்துக்கிடந்தா எனக்குச் சோறு இறங்காது."

சொல்லச் சொல்ல அழுகை வந்தது, குரலும் ஏறியது. காற்று நிரம்பினால் கம்ப்ரசர் தானாக நின்றுவிடும் என்பது சுத்தமாக மறந்துபோனது.

"எங்ககூடவே வந்துடுங்க அத்தை! உங்க கால்ல வேணா விழறேன்!"

நான் இதைக் கத்தத் தொடங்கியதுமே கம்ப்ரசர் நின்றுவிட்டது. பட்டறை முழுக்க என் குரல் மட்டும் கேட்டது. டயர்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெயின்டர் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். முன்னதாகவே வந்துவிட்ட பரிசோதகர் பட்டறை வாசலில் டீயும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அடுத்ததை வை. கை வலிக்குது."

அவ்வளவுதானா? மிச்சமிருந்த இருபத்திரண்டு ரிவெட்டையும் அடித்தேன். உள்ளேயிருந்து "அடி" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பரிசோதகர் தகட்டைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். முதல் மூன்று ரிவெட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்தை மட்டும் காட்டி, "இது யாரு கைவண்ணம்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். கையெழுத்து ஆகிவிட்டது.

அத்தை தலையெல்லாம் மரத்தூளோடு வெளியே வந்து, ஒரு செம்பு தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"நான் ஞாயித்துக்கிழமை வரலடி. உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். உங்க அண்ணி கூப்பிட்டா. எப்பவா? இப்பத்தான். அவ கூப்பிட்ட கூப்பாட்டுல இங்க எல்லாரும் வேலைய விட்டுட்டு நிக்கிறாங்க. மாட்டேன்னா என்னைத்தானே ஏசுவாங்க?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். டயர்காரர் கைதட்டினார்.

"படுக்கிறதுக்கு இடமா?" என்றார் அத்தை கைப்பேசியில். "அதெல்லாம் ரெண்டு மணி நேரம் படுத்தே பாத்துட்டேன். ஜன்னல் ஓரம், நல்ல காத்து. அந்த அலமாரிய மட்டும் எடுத்துட்டா தாராளமா கால நீட்டலாம்."

என் வீட்டுக்காரர் விருட்டென்று எழுந்தார். "எந்த அலமாரிய? அம்மா! அதக் காப்பாத்தத்தானே இவ்வளவு பாடு? இவ காலையிலயே வாயத் திறந்திருந்தா, அதக் கழட்டிப் போட்டுட்டு நின்னுக்கிட்டே அடிச்சிருக்கலாமே!"

அத்தை கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி திறந்திருந்தா, நீ அதச் செஞ்சே இருக்க வேண்டாம்டா."

நான் என் வீட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு, அலமாரியின் முதல் திருகைக் கழற்ற உட்கார்ந்தேன்.